ஆஃப் பாயில் கிருஷ்ணப்பன்

போஸ்டரில் என்ன பேர் போடுவது என்பதில்தான் எனக்கும் அத்தாவுல்லா பாய்க்கும் சண்டை. நைனா இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு ஐஸ் பெட்டி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

"'ஆஃப் பாயில்'னு போடலன்னா எவனுக்கும் தெரியாது, பாப்பா" என்றார் பாய்.

"எங்க நைனாவுக்கு பேரு இல்லியா? கிருஷ்ணப்பன்னு போடுங்க. அது போதும்."

"அதுல்ல பாப்பா..."

"அந்தப் பேரு ஒரு போஸ்டர்ல இருந்தாலும் நானே கிழிச்சுப் போட்ருவேன்" என்றேன். பாய் ஒரு சீட்டில் கிருஷ்ணப்பன் என்று எழுதிக்கொண்டார். கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டோவும் நானே எடுத்துக் கொடுத்தேன். மற்ற படங்களில் எல்லாம் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். தன் கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் மட்டும் காலர் வைத்த சட்டையும், சுருட்டை முடியும், முறுக்கு மீசையுமாகப் பார்க்க ஒரு ஆபீசர் மாதிரி இருந்தார்.

திருவொற்றியூரில் ஒரு இரும்புக் கம்பெனி கேட்டுக்கு எதிரில் நைனா தள்ளுவண்டியில் முட்டைக் கடை வைத்திருந்தார். பக்கத்தில் பாயின் டீக்கடை. ஆம்லெட்டும் உண்டு, ஆனால் கல்லில் உடைத்து ஊற்றி, திருப்பிப் போடாமல், மஞ்சள் கலங்காமல் மிளகுத்தூள் தூவி எடுக்கும் ஆஃப் பாயிலுக்குத்தான் கூட்டம். ஷிப்ட் முடிந்து வருகிறவன் நின்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடுவான். கடையின் பேரே கடைக்காரரின் பேராக ஒட்டிக்கொண்டது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தச் சொல்லுக்கு முட்டையைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

பிறகுதான் வந்தது. குடித்துவிட்டு ரோட்டில் வாந்தி எடுத்தால் 'ஆஃப் பாயில் போட்டுட்டான்' என்றார்கள். ஒன்றும் தெரியாமல் உளறுகிறவனை 'சரியான ஆஃப் பாயில்' என்றார்கள். நைனா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார், அந்தச் சொல்தான் ஊரைச் சுற்றிக் கெட்டுப்போய் அவரிடமே திரும்பி வந்தது. ஒரு சொட்டு தொடாத மனுஷனுக்கு இந்தப் பேர். எனக்கு எழில்மொழி என்று தேடித் தேடிப் பேர் வைத்தவரை ஊரே ஆஃப் பாயில் என்று கூப்பிட்டது. அவரும் 'இன்னா மாமு' என்று சிரித்துக்கொண்டே திரும்புவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஓட்டலுக்குப் போனால்கூட நான் ஆம்லெட்தான் கேட்பேன், அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை.

2002-ல் என் கல்யாணம். மண்டப வாசலில், நைனாவிடம் சாப்பிடுகிற கம்பெனி கேட்டுக்காரர்கள் ஆள் உயரத்துக்கு பேனர் கட்டிவிட்டார்கள்: 'எங்கள் ஆஃப் பாயில் அண்ணன் இல்லத் திருமண விழா'. அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கிய என் மாமியார் குணசுந்தரி அதைப் படித்துவிட்டு, மணமேடையில் என் காதோரம் குனிந்து, "உங்கப்பா நிறைய குடிப்பாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. இந்த மூன்று வருஷத்தில், சாம்பாரில் உப்பு கூடினால்கூட நான் 'ஆஃப் பாயில் பொண்ணு'தான். அந்த மாமியார் சாவுக்கு வருவார், அந்தப் பேரைச் சுவரில் பார்ப்பார் என்று நினைத்துத்தான் பாயிடம் அப்படிப் பேசினேன். கடைசியாக ஒரு நாளாவது அவர் கிருஷ்ணப்பனாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சொந்தக்காரர்கள் வந்தார்கள். பக்கத்து பிளாக்குக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டி மோட்டார் நின்று நின்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அழுதுரு கண்ணு, உள்ள வச்சிக்காத" என்று யாரோ முதுகைத் தடவினார்கள். அந்தக் கை யாருடையது என்று திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அம்மா பச்சையம்மாவும் அழவில்லை. ஐஸ் பெட்டி ஓரம் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமியானா அடியில் யாராவது நுழைந்தால் நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு குனிந்துகொள்வாள்.

"கம்பெனி கேட்டு ஆளுங்க இன்னும் வரலியா?" என்றாள்.

"வருவாங்கம்மா."

"பஸ்ஸு கெடைக்கலியா இன்னா?"

அந்த ஆட்களை அம்மா என் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததுதான். ஆனால் அவர்கள் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். யார் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், யார் மகன் பத்தாவதில் பெயிலானான், எல்லாம் நைனா சாப்பிடும்போது சொல்வார். அவர்கள் இல்லாமல் அவரை எடுத்துக்கொண்டு போவதை அவளால் தாங்க முடியாது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, வாசலைப் பார்ப்பதிலேயே தெரிந்தது.

மத்தியானம் ஆனது. நாலு மணிக்கு எடுக்க வேண்டும். கேட்டிலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. பாயைத் தனியாகக் கூப்பிட்டேன். முந்தின நாளிலிருந்து அவர் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டோடு இருந்தார். பெட்டி, பந்தல், மாலை எல்லாம் அவர் ஏற்பாடுதான்.

"போஸ்டர் ஒட்டினாங்களா பாய்?"

"கம்பெனி செவுரு ஃபுல்லா ஒட்டிக்கீறாங்க, பாப்பா. வெடியக்காலமே ஒட்டியாச்சு." நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"வண்டிய எடுங்க" என்றேன். சாவு வீட்டிலிருந்து பெண் எங்கே கிளம்புகிறாள் என்று பின்னால் ஒரு சத்தம். மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். நான் பாயின் டி.வி.எஸ். பிப்டியில் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் கம்பெனி கேட்டுக்குப் போனபோது ஷிப்ட் விட்டிருந்தார்கள். நைனாவின் வண்டி தார்ப்பாய் மூடி, விளக்குக் கம்பத்தில் சங்கிலியோடு நின்றது. எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி, வரிசையாகக் கிருஷ்ணப்பன். அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு நீலச் சட்டைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"இன்னாபா, நேத்து சாய்ங்காலமும் ஆஃப் பாயிலு வரல, இன்னிக்கும் காணோம்" என்றான் ஒருவன். "பாய் கடையும் மூடிக்கீது. ரெண்டு பேரும் சேந்துகினு டூர் பூட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பேசியவனின் பின்தலை நைனாவின் போட்டோவில் பட்டுக்கொண்டிருந்தது. பசியோடு அவருக்காகக் காத்திருந்தார்கள்.

பாய் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். ஓடி ஓடி வேலை பார்த்த மனுஷனுக்கு அழுவதற்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

சிரிப்பு நின்றது. வயதான ஒருவர் முன்னால் வந்தார். சட்டைப் பையில் மாரியப்பன் என்று நூலால் தைத்திருந்தது. "இன்னா ஆச்சு பாய்க்கு? நீ யாரும்மா?"

"கிருஷ்ணப்பன் பொண்ணு."

"எந்த கிருஷ்ணப்பன்?"

நான் சுவரைக் காட்டியிருக்கலாம்.

"ஆஃப் பாயில்" என்றேன். "நான் ஆஃப் பாயில் பொண்ணு. ஆஃப் பாயில் செத்துட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறாங்க."

மாரியப்பன் மெதுவாகத் திரும்பிப் போஸ்டரைப் பார்த்தார். எழுத்துக்கு அடியில் விரலை வைத்துப் படித்தார்.

"காலைல உள்ள போ சொல்லோ படிச்சேன்மா. யாரோ வயசுப் புள்ள, பாவம்னு ஒரு கும்புடு போட்டுகினு போய்ட்டேன்" என்றார். "இவுருதானா? இதான் அவுரு பேரா? இருவது வருசம் அவுரு கையால துன்னுக்கீறேன்."

சுவரில் சாய்ந்திருந்தவன் தலையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, தன் தலை பட்ட இடத்தை உள்ளங்கையால் துடைத்தான்.

எங்கள் வீட்டுக்குக் கம்பி ஏற்றுகிற லாரியில் வந்தார்கள். குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை, எண்ணெயும் துருவுமாக இறங்கினார்கள். பின்னாலேயே இன்னொரு லாரி வந்தது. சந்து கொள்ளவில்லை. மாமியார் எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "யாரும்மா இவங்கல்லாம்?" என்று கேட்டார்.

"ஆஃப் பாயிலைப் பாக்க வந்தவங்க, அத்தை" என்றேன்.

ஒவ்வொருவராகப் பெட்டி அருகே வந்து குனிந்தார்கள். கேட்டில் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதையேதான் சொன்னது: "வரேன், ஆஃப் பாயிலு." சாவு வீட்டில் 'வரேன்' என்று சொல்லக் கூடாது. ஒரு பெரியம்மா பதறிப்போய்த் தடுக்க எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சொல்லட்டும் வுடு" என்றாள். பிறகு பெட்டியின் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். "யோவ்! உன் ஆளுங்க வந்துட்டாங்கய்யா. யோவ்!" என்று கத்தி அழ ஆரம்பித்தாள்.

அம்மா அவரை ஒரு நாளும் கிருஷ்ணப்பன் என்று கூப்பிட்டதில்லை, ஆஃப் பாயில் என்றும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அவர் 'யோவ்'. பேர் பேர் என்று நேற்றிலிருந்து அடித்துக்கொண்டேனே, நான் அவரைக் கூப்பிடுகிற பேரை இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூடப்பிறந்தவர் யாரும் எனக்குக் கிடையாது. அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவள் நான் ஒருத்திதான், அதற்குத் திரும்பிப் பார்க்கவும் இனி ஆளில்லை.

மாரியப்பன் ஒதுங்கி வழிவிட்டார். நான் குனிந்து கண்ணாடியில் வாயை வைத்து, "நைனா" என்றேன்.