பின்வாசல் படித்துறை

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வேங்கடாசலம் சார் வந்து ஆற்றைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம், தெருவில் நின்றுகொண்டுதான். தீட்டு வீட்டு வாசற்படியை அவர் மிதிக்க மாட்டார். குரல் மட்டும் உள்ளே வரலாம் போலிருக்கிறது. இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் சோஷியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது கோவில் கமிட்டித் தலைவர். இரண்டு வேலைக்கும் ஒரே குரல்தான்.

"அந்தக் காலத்துல ஆரணியாறு இப்டிக்காதாம்மா போய்க்கினு இருந்துச்சு. நீ இப்ப குந்திக்கினு இருக்கிற எடம் கரை. பின்னால இருக்கிறது படித்துறை. எங்க தாத்தா காலத்துல ஒரு வெள்ளம் வந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா ஆறு கெழக்கால நவுந்து போயிருச்சு. படித்துறை மட்டும் நின்னுபோச்சு."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா நல்லதும்மா," என்றுவிட்டு மறுபடி வெள்ளத்திலிருந்து ஆரம்பித்தார்.

கரைமங்கலத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்த ஆற்றைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பூக்காரம்மாவைக் கேட்டால் ஒரு ரிஷியின் சாபத்தால் ஆறு நகர்ந்தது என்பாள். மளிகைக்கடைக்காரர் பிச்சாட்டூரில் அணை கட்டியதால்தான் என்பார். ஒரு ஜமீன்தார் தன் மாந்தோப்புக்காக ஆற்றையே திருப்பிவிட்டார் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆறு போன கதை ஆளுக்கு ஒன்று. ஆனால் இந்த வாரம் எல்லாக் கதையும் ஒரே இடத்தில்தான் வந்து முடிந்தது. நான் ஒரு நாளைக்கு மட்டும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த வீடு இவ்வளவு குறைந்த வாடகைக்கு ஏன் கிடைத்தது என்று வந்த பிறகுதான் புரிந்தது. என் வீட்டுக்காரர் தீனாவுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும். அதற்காகத்தான் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். வீட்டின் சொந்தக்காரர் கங்கையா திருப்பதியில் லாட்ஜ் நடத்துகிறவர். சாவியைக் கொடுக்கும்போது, "வருஷத்துக்கு ஒரு நாள் சாமி வரும்மா, உங்க அதிர்ஷ்டம்," என்று மட்டும் சொன்னார். சமையலறைச் சுவரில் பாதி புதைந்தபடி ஒரு கல்தூண் நிற்கிறது. பழைய மண்டபத்தின் தூணாம். அதில் ஒரு பெண் குடத்தோடு நிற்கிறாள். அவள் மூக்கில்தான் நான் டீ வடிகட்டியை மாட்டி வைப்பேன். பின்வாசலைத் திறந்தால் அகலமான கல்படிகள் கீழே இறங்கிப் போகும். இறங்கிப் போய்ப் பார்த்தால் ஆறு கிடையாது, ஒரு சிமெண்ட் தொட்டிதான் இருக்கும். பிரம்மோற்சவத்தின் கடைசி நாள் காலையில் பெருமாள் கோவில் சக்கரத்தாழ்வார் அந்தத் தொட்டியில்தான் தீர்த்தவாரி முழுக்குப் போடுவார். தொட்டியை நிரப்புவது எங்கள் போர்வெல் தண்ணீர். மோட்டார் ஓடுவது எங்கள் மீட்டரில்.

போன வருஷம் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கோலம் போட்டேன். ஊரே என் மல்லிகைக்கொடியை மிதித்துவிட்டுப் போனபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் பெண் பிறந்திருக்கிறாள். பிறந்து இரண்டு வாரம் ஆகவில்லை. ஆபரேஷன். தாய்வீடு என்று போக எனக்கு இடமில்லை, அம்மா போய்விட்டாள். குழந்தைக்கு லேசாக மஞ்சள் பூத்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, பால் நன்றாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டுங்கள் என்று ஒரு நர்சம்மாவும் சொல்லி அனுப்பினாள். இந்த வீட்டில் வெயில் எங்கே விழுகிறது? சுற்றிலும் மாடிவீடு, பின்னால் பக்கத்து வீட்டு மாமரம். காலையில் கொஞ்ச நேரம், அந்தப் படிகளின் நடுவில் ஒரே ஒரு படியில் மட்டும் வெயில் விழும். அங்கேதான் தினமும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதைக் கமிட்டிக்குச் சொன்னது பக்கத்து வீட்டு பச்சையம்மாள். ஆடு வளர்க்கிறவள், தனிக்கட்டை. புருஷன் போய் வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை இல்லை. என் துணிக்கயிறு, என் குப்பைக்கூடை, என் குழம்பு வாசனை எதுவும் அவளுக்கு ஆகாது. மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னாள்.

"பெத்த தீட்டோட சாமி படியில குந்திக்கினு கீறா. கேக்க நாதியில்ல இந்த ஊர்ல."

அன்றிலிருந்துதான் ஆள்மேல் ஆளாக வந்தார்கள். அன்றைக்கு வேங்கடாசலம் சார் மறுபடி ஆற்றை ஆரம்பித்தபோது எனக்கும் பொறுமை போய்விட்டது.

"ஆறு இப்ப அந்தாண்ட கீதுன்னு நீங்களே சொல்றீங்க. சாமியும் அந்தாண்டயே போய்க் குளிக்கட்டுமே சார்," என்றேன் கதவின் இந்தப் பக்கத்திலிருந்து.

வேங்கடாசலம் சார், "ஆறு போற எடத்துக்கெல்லாம் பெருமாள் பின்னாலயே போவாராம்மா?" என்றார். அங்கே இருப்பது சீமைக்கருவேலமும் கோழிக்கடைக் கழிவும்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் கங்கையா போன் செய்து பாதித் தெலுங்கில் பேசினார். "ஒக்க ரோஜு தானேம்மா. நம்ம லாட்ஜிலயே ரூம் இஸ்தானு, ஏசி ரூம். காருகூட அனுப்புறேன்." நான் தையல் போட்டிருப்பதைச் சொன்னேன். திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து இந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்ததற்கே இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்டின்னா மாசக் கடைசிக்கு வேற வீடு சூஸ்கோம்மா. ஊர்க்காரங்கள நான் பகைச்சுக்க முடியாது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இதையெல்லாம்விட எரிச்சல் தீனாமேல்தான். அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. கமிட்டியிடம் "கண்டிப்பா சார்" என்றார். கங்கையாவிடம் "பேசி அனுப்பிச்சிடறேன் சார்" என்றார். என்னிடம் வந்து, "உன் இஷ்டம் பிரித்திகா" என்றார்.

"இந்த வீட்ட விட்டா இந்த வாடகைக்கு எங்க கெடைக்கும்? ஊர்க்காரங்க நம்மள மனுசனா மதிக்கிறாங்க. ஒரு நாள்தானே," என்றார் சாப்பிடும்போது.

"துன்னுட்டு எழுந்து போங்க. எனக்கு வாய்ல நல்லா வந்துரும்," என்றேன்.

உற்சவம் ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் தோதாத்ரி பட்டர் தனியாக வந்தார். கோவில் அர்ச்சகர். முன்வாசலுக்கு வராமல், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வந்து படிகளுக்கு மேலே நின்றார். கமிட்டியோடு பேசிப் பேசிக் களைத்துப்போனது முகத்தில் தெரிந்தது.

"போக மாட்டேன்னுட்டியாமே."

"போவ முடியாது சாமி. நானும் மனுசிதானே." எப்படியும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நானே சொல்லிவிட்டேன். "தெனம் இந்தப் படியிலதான் கொழந்தய வச்சுக்கினு குந்தியிருந்தேன். இங்க மட்டும்தான் வெயில் வருது."

"எந்தப் படி?"

காட்டினேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கதான் பலகை போட்டு சக்கரத்தாழ்வாரை எழுந்தருளப் பண்றது. தீர்த்தவாரி வேளைக்கு வெயில் படற எடம் அது ஒண்ணுதான்." பெருமூச்சு விட்டார். "படிக்கு ஒண்ணுமில்லை, தீர்த்தம் தெளிச்சுப் புண்யாகவாசனம் பண்ணினா போறும். இந்த அகத்துக்குத்தான் என்ன பண்றதுன்னு பிராணனை வாங்கறா. எனக்கும் இவாளோட மாரடிச்சு முடியலை." கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பூட்டியிருந்தா அது ஆளில்லாத அகம். ஆளில்லாத அகத்துல தீட்டு ஏது?"

"பூட்டிட்டா நான் எங்க சாமி போவேன்?"

"நீ எங்கயும் போக வேண்டாம்மா."

அவர் சந்து முனையைத் தாண்டிப் போன பிறகுதான், என்னை உள்ளே வைத்தே பூட்டச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் சரி என்றதும் கமிட்டிக்கு ஒரே சந்தோஷம். வேங்கடாசலம் சாரே கடைக்குப் போய் இரண்டு புதுப் பூட்டு வாங்கி வந்தார். நிபந்தனைகளைத் தெருவில் நின்றபடி சொன்னார். ஜன்னல் திறக்கக் கூடாது. விளக்குப் போடக் கூடாது. சத்தம் வரக் கூடாது. பெரியவர்களுக்குச் சரி. மடியில் கிடக்கிறவளுக்கு இந்தத் தீர்மானத்தை யார் படித்துக் காட்டுவது?

கடைசி நாள் காலையில் தீனா கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். தகப்பனுக்கும் தீட்டு உண்டு. ஸ்ரீசிட்டிக்குப் போனால் அது கழன்றுவிடும் போல. அவர் போனதும் முன்கதவைப் பூட்டினார்கள், பிறகு பின்கதவை. இரண்டு முறையும் பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

இருட்டறையில் கட்டிலில் உட்கார்ந்து என் வீட்டுப் பின்பக்கத்தைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடியது. மேளம் நெருங்கி வந்தது. யாரோ என் கறிவேப்பிலைச் செடியை உருவினார்கள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் மனை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தெலுங்கு பேசும் வெளியூர்க்காரர் ஒருவர், "இந்த வீட்லோ யாரும் இல்லையா?" என்று கேட்டார். "இல்லப்பா, ஊருக்குப் போய்க்கிறாங்க," என்றது வேங்கடாசலம் சார் குரல். உடனே அவரிடமும் ஆரம்பித்துவிட்டார். "அந்தக் காலத்துல ஆரணியாறு இப்டிக்காதான் போய்க்கினு இருந்துச்சு. நீங்க நிக்கிற எடம் கரை." எனக்கு மனப்பாடம். உள்ளே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை. நான் இருக்கிற வீட்டில் நான் இல்லை என்று என் காதுபடவே சொல்கிறார்களே.

மேளம் நின்றது. பட்டர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். அத்தனை கூட்டத்திலும் அவர் குரலைத் தவிர ஒரு சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இவள் கண்ணைத் திறந்தாள்.

மார்பில் போட்டேன். பிடிக்கவில்லை. தோளில் போட்டுத் தட்டினேன். உதடு கோணியது. பிறகு வீறிட்டு அழுதாள். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததென்று தெரியவில்லை. என் கை தானாக அவள் வாயருகே போனது. உள்ளங்கையில் அவள் மூச்சு சூடாகப் பட்டது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. கையை எடுத்துவிட்டேன்.

"அழு," என்றேன். "நல்லா அழுடி."

வெளியே மந்திரம் நின்றுவிட்டது. "உள்ள கொழந்த அழுவுது," என்றது ஒரு குரல். யாரோ இருமினார்கள். வீடு போயிற்று என்று நினைத்தேன். ஊர் முன்னால் தீனா தலைகுனிந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. இவள் நிறுத்துவதாக இல்லை.

மதில் பக்கமிருந்து பச்சையம்மாளின் குரல் வந்தது.

"அது எங்கூட்டுக் கொழந்தய்யா. கொழந்தன்னா அழுவாம என்னா பண்ணும்? நீ மந்திரத்தச் சொல்லு சாமி, நேரமாவுது."

அவள் வீட்டில் ஆடுகளைத் தவிர யாருமில்லை என்பது கரைமங்கலம் முழுவதற்கும் தெரியும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "ஆமாமா, பக்கத்து வீடு," என்றார் வேங்கடாசலம் சார், வகுப்பில் சொல்கிறமாதிரி உரக்க. நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, எடுத்து ஊதினார். மேளமும் சேர்ந்துகொண்டது. கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் கத்தியது. தொட்டியில் ஆட்கள் குதிக்கிற சத்தம் கேட்டது. என் மகள் அழுத அழுகை அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ போயிற்று.

கூட்டம் கலைந்து, மேளம் தெருவில் தூரமாகப் போனது. பூட்டைத் திறக்க இப்போது வருவார்கள், இப்போது வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. வேங்கடாசலம் சாருக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்திருக்கும், அவர் மேளத்துக்குப் பக்கத்தில் இருந்திருப்பார். தீனாவின் போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளில்லாத வீடு என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவர்களே நம்பிவிட்டார்கள்.

ஜன்னல் கதவை விரல் அளவு திறந்து பார்த்தேன். படியெல்லாம் ஈரம், மஞ்சள், நசுங்கிய பூ. நடுப்படியில் வெயில் இன்னும் இருந்தது. மாமர நிழல் ஒரு பக்கமாக அதைத் தின்றுகொண்டு வந்தது. அழுது களைத்த குழந்தையின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் கூடினமாதிரியும் இருந்தது, இல்லாதமாதிரியும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். இந்த ஊர்மேல், அதன் ஆற்றின்மேல், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப்போனவர்மேல்.

அப்போது பின்கதவுப் பூட்டை யாரோ ஆட்டினார்கள்.

"சார், நீங்களா?"

"எந்த சாரு வரப்போறான்? தள்ளி நில்லு. கொழந்தயத் தூக்கிக்கினு அப்பால போ."

பச்சையம்மாள். கல்லால் பூட்டின்மேல் ஒரு அடி விழுந்தது. சமையலறையில் தூண்காரியின் மூக்கிலிருந்து வடிகட்டி கீழே விழுந்தது. நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தூணை ஒட்டி நின்றேன்.

"சாவி அவர்கிட்ட கீது..."

"சாவியாம் சாவி." மூச்சு வாங்க இன்னொரு அடி. "எங்கூட்டுக் கொழந்தய உள்ள வச்சுப் பூட்டிக்கினு போய்ட்டானுங்க, பாவிப் பசங்க."

ஒவ்வொரு அடிக்கும் கதவு நடுங்கி, இடுக்கில் வெளிச்சம் ஒரு கோடாக வந்து வந்து போனது. அந்தக் கோட்டின் வழியே நடுப்படி தெரிந்தது. வெயில் அதில் இன்னும் ஒரு சாண் அளவுக்கு மிச்சம் இருந்தது.