ரூப்மஞ்சரிக்கு நினைவஞ்சலி

உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, அவரையே பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு இரங்கல் கூட்டம் நடத்தி நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வடக்குக் கல்கத்தாவில், எங்கள் கவிராஜ் சந்தில். இறந்துபோனதாகச் சொல்லப்பட்டது ஒரு சினிமாக் கொட்டகை. பெயர் ரூப்மஞ்சரி. அன்று சாயங்காலமும் அங்கே படம் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்கு நேர் எதிரே பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கடை என்னுடையது. மேலே ஒற்றை அறை. ஊரை விட்டு வந்த புதிதில் பேச ஆளில்லாமல் ராத்திரி ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். வங்காள மொழியை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதனால் ரொம்ப நாளைக்குக் காய்கறிக்காரனிடம்கூட, சொத்தை இழந்த ஜமீன்தார் மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். அவனும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, சொத்தைக் கத்தரிக்காயை என் பையில் போடுவான்.

கொட்டகை ஹைமந்தி தீதியுடையது. தீதி என்றால் அக்கா, சந்துக்கே அவர் அக்கா. அவருடைய அப்பா கட்டியது. கல்யாணம் செய்துகொள்ளாத அறுபது வயதுப் பெண்மணி. டிக்கெட் ஜன்னலுக்குள் அவரே உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பார், இடைவேளையில் அவரே விளக்கைப் போடுவார். பெரிய சாலையில் நகரும் படிக்கட்டோடு மால் வந்ததும் சந்து முழுக்க அங்கே போனது. படிக்கட்டில் ஏறுவதற்கே ஒரு டிக்கெட் வாங்கலாம் என்று வந்து சொன்னார்கள். ரூப்மஞ்சரிக்கு நானும், ஒதுங்க இடமில்லாத காதலர்களும், மின்விசிறிக்காக வரும் லாட்டரிச் சீட்டுக்காரரும் மிஞ்சினோம். இதில் படத்தைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

அடுக்குமாடி கட்டுகிறவர் ஒருவர் விலை பேசி வந்தார். இந்தச் செய்தி கசிந்ததும் சந்தில் எழுந்த துக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நவோதய இளைஞர் சங்கத்தின் செயலாளர் ஹாபுல்தா, கேரம் போர்டைப் பாதி ஆட்டத்தில் விட்டுவிட்டு எழுந்து வந்தார். இளைஞர் சங்கத்தில் எல்லாரையும்விடச் சின்னவர் அவர்தான், வயது ஐம்பத்தாறு. சாகும் ஆளைப் பார்க்கப் போகிற முகத்தோடு ஹைமந்தி தீதியின் அறைக்குள் போனார். அன்று கொட்டகையின் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்து கொடுக்கப் போயிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

"ரூப்மஞ்சரி போச்சுன்னா எங்க இளமையே போச்சு, தீதி" என்றார் ஹாபுல்தா.

தீதி தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். "ஞாயித்துக்கிழமை காலைல அவங்க ஒப்பந்தத்தோட வராங்க, ஹாபுல். சனிக்கிழமை சாயங்கால ஆட்டம் ஒண்ணே ஒண்ணு, நிறைஞ்ச கொட்டகையா எனக்குக் காட்டு. வந்தவங்கள வாசலோட திருப்பி அனுப்பிடறேன். நம்ம சந்துக்கே வேண்டாம்னா, நான் யாருக்காக இதைக் கட்டிக்கிட்டு அழணும்?"

"ஒரு கொட்டகைதானே? ரெண்டு கொட்டகை ஆளு கூட்டிட்டு வரேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஹாபுல்தா தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

வேறு ஊராக இருந்தால், வீடு வீடாகப் போய் சனிக்கிழமை படத்துக்கு வாங்க என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் சந்து அப்படி அவசரப்படாது. முதலில் ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு நினைவுக் குழு என்று பெயர் வைப்பதா, பாதுகாப்புக் குழு என்று வைப்பதா என்று ஒரு சாயங்காலம் போனது. என்ன படம் போடுவது என்பதில் இன்னும் இரண்டு சாயங்காலம் போனது. கடைசியில் எல்லாரும் சிறுவயதில் அழுத ஒரு பழைய குடும்பப் படத்தை ஒருமனதாக முடிவு செய்தார்கள். தீதி அலைந்து திரிந்து அந்தப் படப்பெட்டியை வரவழைத்தார். படம் வந்துவிட்டது, இனி ஆள் கூட்ட வேண்டியதுதானே? இல்லை. ஒரு பெரிய காரியத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம் இல்லாவிட்டால் எப்படி என்று கேட்டார் பிருந்தாபன்பாபு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் சந்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவர்தான் தலைவர். தலைவர் இருப்பதால்தான் கூட்டம் நடக்கிறது என்றும் சொல்லலாம்.

ஆறு மணிக்குப் படம், ஐந்து மணிக்குக் கூட்டம் என்று முடிவானது. எங்கள் சந்தில் ஐந்து மணி என்றால் ஆறரை என்று கைக்குழந்தைக்கும் தெரியும். குழுவுக்கு மட்டும் மறந்துபோனது.

சனிக்கிழமை மத்தியானம் மேடை போட்டார்கள். பின்னணியில் ரூப்மஞ்சரியின் பெயர்ப்பலகை தெரிய வேண்டும், அப்போதுதான் புகைப்படம் நன்றாக வரும் என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இடம் சரியாக டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் அமைந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய துணிப் பதாகை. அதில் 'எங்கள் ரூப்மஞ்சரியைக் காப்போம்' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் 'காப்போம்' ஜன்னலை முழுதாக மூடியது. மைக்குக்கு மின்சாரம் கொட்டகையிலிருந்து எடுத்தார்கள். உட்கார நாற்காலி போதவில்லை என்று பால்கனியில் கழற்றி வைத்திருந்த நாற்காலி வரிசைகளையும் கேட்டார்கள். தீதி எல்லாவற்றையும் கொடுத்தார். மேடையில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, அதன்மேல் கொட்டகையின் பழைய கறுப்புவெள்ளைப் படம். படத்துக்கு ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை, ஊதுபத்தி. படத்தில் இருந்ததன் அசல் நாலடி பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு கூட்டம். பேரன்களைப் பார்த்துக்கொள்ள நகரத்தின் புதுப் பகுதியான சால்ட் லேக்குக்குக் குடிபோன கிழவர்கள்கூட வாடகைக் கார் பிடித்து வந்தார்கள். சந்து அடைத்துக்கொண்டது, ரிக்‌ஷா போக முடியவில்லை. கூட்டம் கலையாமல் இருக்க ஹாபுல்தா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மீன் ஃப்ரையும் சந்தேஷ் இனிப்பும் வைத்த பொட்டலம், கூட்டம் முடிந்த பிறகுதான் தரப்படும். நடுவில் எழுந்து போகிறவர்களுக்குக் கிடையாது. இதை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை அறிவித்தார்கள்.

நான் கொட்டகையின் பின்வாசல் வழியாகச் சுற்றிப்போய் தீதியிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். லாட்டரிக்காரர் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தார். ஒரு ஜோடி, இத்தனை பேர் வெளியே இருப்பதைப் பார்த்து, வீட்டார் தேடி வந்துவிட்டார்கள் என்று பயந்து நாற்காலிக்கு அடியில் குனிந்திருந்தது.

வெளியே தொடக்கப் பாட்டு முடிந்து பிருந்தாபன்பாபு பேசினார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மத்தியான ஆட்டத்துக்கு வந்த பையன்களை இதே கொட்டகையில் தான் எப்படிப் பிடித்தேன் என்று விவரித்தார். வாரா வாரம் மத்தியானம் அவர் அங்கே எதற்கு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு வெள்ளக் கதைக்கு வந்தார். அந்த வருஷம் மழையில் சந்தில் இடுப்பளவு தண்ணீர், கொட்டகைக்குள்ளும் புகுந்தது. முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு படம் பார்த்தார்கள். அப்போது தன் காலடியில் ஒரு கெளுத்தி மீன் நீந்தி வந்தது என்றார்.

அதோடு விட்டிருந்தால் கொட்டகை பிழைத்திருக்கும். ஆனால் அடுத்துப் பேசிய வங்கி அதிகாரி, அது கெளுத்தி இல்லை, நல்ல ரோகு, பிடித்தது தான்தான் என்றார். அதற்கடுத்தவர் மீனுக்கு இன்னும் ஒரு முழம் நீளம் கொடுத்தார். சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. திரை இன்னும் வெறும் வெள்ளைத் துணிதான். மேலே ஆபரேட்டர் ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். பேச்சு முடிந்ததும் வந்துவிடுவார்கள், கொஞ்சம் பொறு என்றார் தீதி. அவர் கதவோரம் நின்று, வருகிறவர்களுக்கு இடம் காட்ட டார்ச் விளக்கைக் கையில் வைத்திருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து, சந்துக்கே பெரியம்மாவான ரேணுகா மாஷிமா மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"கெளுத்தியும் இல்ல, ரோகுவும் இல்ல. அது ஹில்சா. எங்க வீட்டுக்காரர் வேட்டில சுத்தி எடுத்துட்டு வந்தாரு. கடுகு அரைச்சு நான்தான் வச்சேன். சமைச்சவளுக்குத் தெரியாதது பிடிச்சவனுக்குத் தெரியுமா?"

சாக்கடைத் தண்ணீரில் ஹில்சா எப்படி வரும் என்று ஒருவர் எழுந்தார். கங்கையிலிருந்து வரும் என்று இன்னொருவர் எழுந்தார். வங்காளிகளிடம் கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். மீனில் அப்படி முடியாது.

தீதி கடைசியில் படத்தைப் போடச் சொன்னார். இரண்டாவது பாட்டு வந்தபோது என்னிடம் வந்து குனிந்தார். "நீ போய்ச் சொல்லிப் பாரேன், அண்ணா. என்னால மைக்ல பேச முடியாது." தெற்கத்தி ஆள் எவனும் வங்காளிகளுக்கு அண்ணாதான், தம்பி வயதாக இருந்தாலும்.

வெளியே வந்து ஹாபுல்தாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். நம்முடைய மதராஸி அண்ணா இப்போது தன் நினைவுகளைப் பகிர்ந்துகொள்வார் என்று அறிவித்தார். எனக்கும் மெட்ராஸுக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம் என்று விளக்க அது நேரமில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: "படம் ஆரம்பிச்சாச்சு. உள்ள நாற்காலி எல்லாம் காலியா இருக்கு. டிக்கெட் ஜன்னல் இந்தத் துணிக்குப் பின்னாடி இருக்கு. தீதி கதவுகிட்ட நின்னு காத்துட்டிருக்காங்க. மீதிப் பேச்ச படம் முடிஞ்சு பேசிக்கலாம், இப்ப உள்ள வாங்க."

அப்படி ஒரு கைதட்டலை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. முன்வரிசையில் ஒரு பாட்டி அழுதார். பிருந்தாபன்பாபு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஹாபுல்தா மைக்கில், குரல் உடைந்து சொன்னார்: "எங்கேயோ பிறந்த மனுஷன். அவருக்கே இவ்வளவு வலி. அப்ப நமக்கு எவ்வளவு இருக்கணும்?" நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்ல அடுத்தபடியாக ஒரு கவிஞரை அழைத்தார். கவிஞர் வாசித்தது காலி நாற்காலிகளைப் பற்றி ஒரு நீண்ட கவிதை. சுவருக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலிகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் உள்ளே திரும்பிவிட்டேன். இடைவேளையில் கதவைத் திறந்ததும் ஒரு கும்பலே உள்ளே வந்தது. தீதி டார்ச்சை எரியவிட்டுக்கொண்டு முன்னால் ஓடினார். வந்தவர்கள் கழிப்பறையைக் கேட்டார்கள். வயதானவர்கள், வெளியே தேநீர் வேறு கொடுத்திருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, எதுவும் மாறவில்லை, அப்படியே இருக்கிறது என்று பாராட்டினார்கள். சால்ட் லேக்காரர் ஒருவர் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் தடவிக் கண்கலங்கினார். தீதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எழுந்திருக்க மாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

படமும் கூட்டமும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்தன. நான் வெளியே வந்தபோது சந்து முழுக்க மீன் ஃப்ரை வாசனை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லாரும் மனநிறைவோடு கலைந்துகொண்டிருந்தார்கள். இத்தனை நல்ல கூட்டத்தை இந்தச் சந்து கண்டு ரொம்ப நாளாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். ஹாபுல்தா தீதியின் தோளில் ஒரு சால்வையைப் போட்டார். கையில் இரண்டு பொட்டலம் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றுதான்.

"பாத்தீங்களா தீதி, சொன்ன மாதிரி ஆள் கூட்டிட்டேன். ஹவுஸ்ஃபுல்."

"ஆமா ஹாபுல்," என்றார் தீதி. "வெளியில."

ஹாபுல்தா சிரித்தார். தீதிக்குத் தமாஷ் செய்யும் மனநிலை திரும்பிவிட்டது, கொட்டகை பிழைத்துவிட்டது என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். தீதி ஒரு பொட்டலத்தைத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த லாட்டரிக்காரருக்கும், இன்னொன்றை எனக்கும் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அடுக்குமாடிக்காரர் வந்தார். மேடையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. அதன்மேல் இருந்த மேஜையில், மாலை போட்ட படத்தைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, ஹைமந்தி தீதி கையெழுத்துப் போட்டார்.