இடது கையில் ஒரு சனிக்கிழமை

நீலக்கல்லை யாரும் பார்த்தவுடன் வாங்கிவிடுவதில்லை. ஒத்துக்கொண்டால் அரசன், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆண்டி. அதனால் நகைக்கடைக்காரரே கல்லை நீலத் துணியில் முடிந்து கொடுத்தனுப்புவார். ஒரு சனிக்கிழமை பொழுது முழுக்கக் கையில் கட்டிப் பார்க்க வேண்டும். அன்று என்ன நடக்கிறதோ அதுதான் கல்லின் பதில். கிழக்குத் தாம்பரத்தில் இத்தனை வருஷம் குடியிருந்தும் கிருபாவுக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டு லோகநாயகி அந்த முடிச்சைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தபோதுதான் தெரிந்தது.

லோகநாயகியின் கணவன் ஏகநாதனை ஜோசியர் நீலம் போடச் சொல்லியிருந்தார். கல் ஒத்துக்கொண்டால் செம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருக்கும் நிலத்தை விற்று லாரி வாங்குவது. இல்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது என்று அவன் முடிவாக இருந்தான். நிலம் லோகநாயகிக்கு அவள் அப்பா கொடுத்தது. நாற்று வளர்ந்து நடவுக்குக் காத்திருந்தது. கல் பதில் சொல்லட்டும் என்று ஏகநாதன் நடவைத் தள்ளிக்கொண்டே போனான். ஆனால் கல்லைக் கட்டிக்கொள்ளப் பயம். அவனுடைய மாமா ஒருவர் நீலம் கட்டிய அன்றே கிணற்றுமேட்டில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர். பெண்டாட்டி கட்டினாலும் ஒன்றுதான் என்று அவளிடம் கொடுத்துவிட்டு விடியற்காலையில் படப்பைக்குப் போய்விட்டான். அவளுக்கும் பயம், தூளியில் கைப்பிள்ளை.

"உங்க வேதத்துலதான் சனி கெடையாதேக்கா," என்றாள் லோகநாயகி. "உங்கள அது ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னா நான் எதுக்குக் கட்டணும்?"

லோகநாயகி கொஞ்சம் யோசித்தாள். "பெருசா ஒண்ணும் பண்ணாது. சின்னதா எதுனா பண்ணாமலா பூடும்?"

கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒத்துக்கொள்ளவில்லை என்று சும்மா சொல்லிவிடலாமே என்று கேட்டாள். சனீஸ்வரன் விஷயத்தில் பொய்யா என்று லோகநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிலத்தை விற்க எனக்கு இஷ்டமில்லை என்று கணவனிடம் சொன்னதுண்டா என்று கேட்டதற்கு, அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பதுபோல் பார்த்தாள்.

கிருபா மறுத்திருக்க வேண்டும். அவள் கணவன் ஜெபசீலன் பள்ளிக்கூட வாத்தியார். தாயத்து, ராசி என்றாலே முகம் சுளிப்பவன். ஆனால் ஞாயிறு வகுப்பில் பரலோக நகரத்தின் அஸ்திபாரக் கற்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவைப்பவள் அவள்தான். இந்திரநீலம், மரகதம், கோமேதகம், புஷ்பராகம் என்று ராகம் போட்டுச் சொல்வாள். அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இந்திரநீலம் எப்படி இருக்கும் என்று போன மாதம் ஒரு பெண் கேட்டபோது, நீலமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பதில் அவளை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டினாள்.

இடது முழங்கைக்கு மேலே முடிச்சு இறுகியதும் கல்லின் குளிர்ச்சி தோலில் பட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் எதுவும் தானாக நடக்கவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பொங்குவது நல்லது என்பார்கள். ஆனால் காப்பிக்குப் பால் இல்லாமல் போயிற்று. இது எந்தக் கணக்கில் சேரும்? காக்கை ஒன்று துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது. தினமும் உட்காருகிற காக்கைதானா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் வீட்டில் ஒரு நாளில் இத்தனை நடக்கிறதா என்று வியந்தாள். இத்தனை நாளும் இவையெல்லாம் நடந்தபோது நான் எங்கே இருந்தேன் என்றும் தோன்றியது.

மதில்சுவருக்கு மேலே லோகநாயகியின் தலை அவ்வப்போது எழும்பியது.

"எதுனா ஆச்சாக்கா?"

"இல்ல லோகா."

"கையி காலு சுளுக்கிக்கல?"

"இல்லம்மா."

தலை வருத்தத்தோடு கீழே இறங்கும்.

மத்தியானம் ஜெபசீலன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனதும் கிருபா கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். கல் அவரைக்கொட்டை அளவுகூட இல்லை. வெயிலில் பிடித்தாள். மேலிருந்து பார்க்க, மழைக்கு முன்னால் ஏரி கறுக்குமே, அந்த நிறம். கல் முழுக்க ஒரே நீலம். பார்த்துக்கொண்டே இருந்தவள் ஏதோ தோன்றிக் கல்லைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

நீலத்தைக் காணோம். வெறும் தண்ணீர் நிறம். அடியில், கூர்முனையில் மட்டும் பேனாவிலிருந்து சிந்தியதுபோல ஒரு துளி. மறுபடி மேலிருந்து பார்த்தாள், முழுக்க நீலம். பக்கத்திலிருந்து, தண்ணீர். அந்த ஒரு துளிதான் கல் முழுவதற்கும் நிறம் கொடுத்துக்கொண்டிருந்தது. பட்டை தீட்டியவன் அதை எங்கே வைப்பதென்று பார்த்து வைத்திருக்கிறான். இது ஏமாற்றா, கெட்டிக்காரத்தனமா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. கைக்குள் இப்படி எத்தனை நேரம் திருப்பிக்கொண்டிருந்தாளோ, உள்ளே ஜெபசீலன் எழுந்து காப்பி கேட்டபோதுதான் திரும்பக் கட்டினாள்.

பொழுது சாய்ந்ததும் லோகநாயகி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கிருபா உள்ளபடியே சொன்னாள். லோகநாயகியின் முகம் விழுந்துபோயிற்று.

"அப்போ ஒத்துக்கிச்சு," என்றாள்.

"நடக்கலதான். ஆனா ஒண்ணு பார்த்தேன். நீயே பாரு."

கிருபா முடிச்சை அவிழ்த்துக் கல்லை அந்திவெளிச்சத்தில் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் திருப்பினாள். லோகநாயகி குனிந்து பார்த்தாள். கிருபாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ரெண்டு நெறமா கீது?"

"பொய்க்கல்லுன்னு நான் சொல்லல லோகா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"பொய்யோ நெசமோ, ரெண்டு நெறத்துக் கல்ல மேல போடக்கூடாதும்பாங்க. இவரு கையாலகூடத் தொடமாட்டாரு."

கடைக்காரர் வேறு கல் கொடுப்பாரே என்றாள் கிருபா.

"குடுப்பாரு. அதையும் ஒரு சனிக்கெழமை கட்டிப் பாக்கணும்ல?" லோகநாயகி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் பேச்சில் புதிதாக ஒரு வேகம் வந்திருந்தது. "நான் நாளைக்கே நாத்து பறிக்க ஆள் அனுப்பிடுறேங்கா. பயிரு நிக்கிற நெலத்த எவன் வந்து வாங்குவான்?"

"அவர் கேட்டா?"

"எம் நெலம், நட்டுட்டேன்னு சொல்றேன்." சொன்னதைத் தானே ஒரு தரம் காதில் வாங்கிப் பார்ப்பவள்போல நின்றாள். பிறகு கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

விளக்கேற்றும்போது ஜெபசீலன் கிருபாவின் கையில் துணி அழுந்திய தடத்தைக் கவனித்து, என்ன அது என்று கேட்டான். இறுக்கிக் கட்டியிருந்தேன் என்றாள். அவன் பரீட்சைத் தாள்களுக்குத் திரும்பினான்.

"இந்திரநீலம் எப்படி இருக்கும், தெரியுமா உங்களுக்கு?"

"நீலமா இருக்கும்," என்றான் தலை நிமிராமல்.

"எங்கேருந்து பார்த்தா?"

அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.