மலிவான நேரம்

மருமகள் கணக்கில் கெட்டி. பகலில் மலிவு, மாலை ஆறு முதல் பத்து வரை மூன்று மடங்கு என்று புதிய மின்கட்டணத் திட்டம் வந்ததும், பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இதுதான் லாபம் என்று மாறிவிட்டாள். லாரியோடு ஊர் ஊராகப் போகும் கணவனிடம் போனில் சொன்னதோடு சரி. ஆறு மணிக்கு மேல் மிக்சி கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடாது என்று வீட்டில் சட்டமும் போட்டாள்.

"சுவிட்ச்ல கைய வச்சே, ஒடிச்சிடுவேன்!" என்று மகளை மிரட்டுவாள்.

மாமனார் சிரிப்பார். சிமெண்டு ஆலையில் மூட்டை பிடித்தே கெட்டுப்போன நுரையீரல் அவருக்கு. கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் மாலைச் செலவையும் சேர்த்துத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். அதை அவரிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

முதல் பில் அவள் கணக்கைவிடக் குறைவாக வந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். சாயங்காலத்தில் வீடு அமைதியாக இருந்ததும் பிடித்துத்தான் இருந்தது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை, பாவி.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ்தான் அவருடைய நீலம் பாரித்த நகங்களைக் கவனித்தாள். "மெஷினை நிறுத்தி வைக்கறீங்களா, ஐயா?"

கிழவர் திருதிருவென்று விழித்தார். "சாயங்காலம் மட்டும்தாம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா நேரம் ஓடிடுது."

மருமகள் ஓடிவந்து கட்டிலருகே நின்றாள். "மாமா, உங்க மெஷினையும் சேர்த்துதான் கணக்கு போட்டேன். சத்தியமா!"

"நீ நல்லவ. அப்படித்தான் சொல்லுவ."

தலைகீழாக நின்று சொல்லியும் நம்பவில்லை. லாபமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பழைய திட்டத்துக்கே திரும்பினாள். இனி எந்நேரமும் ஒரே விலைதான் என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயிலில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தாள். மெஷின் ஓடவில்லை. மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மாமனார் வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது? இப்ப பகல்தானே!"

"முன்னாடி... பகல்ல மலிவுன்னு... நிம்மதியா போட்டுக்கிட்டேன்," என்றார் திக்கித் திணறி. "இப்பதான் மலிவான நேரமே இல்லையேம்மா."