தாளுக்கு வெளியே விழுந்த நிழல்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தின் தெற்குச் சுவரில் ஒட்டிய கடுக்காய் மண்டி போஸ்டரில் ஒரு மரம் இருந்தது. ஒட்டிய அன்று மத்தியானமே அந்த மரத்தின் நிழல் தாளை விட்டு இறங்கி, சுவரடியில் மடங்கி, தரையில் படுத்துக்கொண்டது. சாலையோரப் புளியமரங்கள் சாய்க்கப்பட்ட வருஷத்துக்கு அடுத்து வந்த மாசி மாதம் அது. சின்னசேலம் பஸ்ஸுக்கு நின்ற சனம் முதலில் எண்ணெய்க் கறை என்று ஒதுங்கி நின்றது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்து, “குளுகுளுன்னு கீதுடி” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்ன பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து குந்தினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு வெள்ளரிக்காய்க்காரி கூடையை இறக்கி அங்கேயே கடை போட்டுவிட்டாள். எதிர்ச்சாரியில் வெயிலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்ட்டிஸ்ட் காசிநாதன் மட்டும் நிழலுக்குள் வரவில்லை. அந்த மரத்தை வரைந்தவன் அவன் இல்லை.

காசிநாதனின் அப்பா ராமசாமி மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டியும் வண்டி ஓட்டியும் முதுகு வளைந்தவர். மகனும் மீசை முளைக்கும் வரை கரும்புச் சோகை உரித்தான். அந்தக் காலத்தில் வெட்டரிவாள் பட்டு வலது கட்டைவிரல் நரம்பு இழுத்துக்கொண்டதால், அவன் இழுக்கும் எந்தக் கோடும் முடிகிற இடத்தில் மயிரிழை இடது பக்கம் வளையும். அந்த விரலை வைத்துக்கொண்டுதான் கல்யாணப் பத்திரிகை, காலண்டர், சீயக்காய்ப் பொட்டலம் என்று ஊருக்கு டிசைன் போட்டான். போட்டதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அச்சகத்துக்குப் போகும் வரை.

அச்சகம் பொன்னுரங்கத்தினுடையது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக டிரேசிங் தாளில் வரைந்து, மூலைகளில் கூட்டல் குறி போட்டுக் கொடுத்தால், சேலத்துக்கு பஸ்ஸில் அனுப்பி பிளாக் என்கிற அச்சுத் தகடு எடுத்து வருவார்கள். மஞ்சளுக்கு மேல் சிவப்பு, சிவப்புக்கு மேல் நீலம் என்று அடிக்கும்போது குறிமேல் குறி உட்கார்ந்தால்தான் வண்ணம் இடம் மாறாது. பொன்னுரங்கம் காசிநாதனின் குறியை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. மாரியம்மன் காலண்டரில் குங்குமம் மூக்கில் விழுந்தது. மாப்பிள்ளையின் மீசை கன்னத்தில் நின்றது. கிளிப்பச்சை கேட்டால், முன்தினம் யாருக்கோ அடித்து மிச்சமிருந்த மையைக் கலந்து சாணிப்பச்சை தருவார். கேட்டால் மை காயவில்லை, கரண்ட்டு இல்லை, வெயிலுக்குத் தாள் சுருங்கிவிட்டது என்பார். “கிட்ட வெச்சிப் பாத்தா அப்பிடித்தான்யா இருக்கும், தள்ளி வெச்சிப் பாரு. ஊரே பாக்குது, எவனும் ஒண்ணும் சொல்லல. ஒன் கண்ணுலதான் இன்னாவோ கோளாறு.” கடைசியில் ஓரம் வெட்டும்போது காசிநாதனின் கையெழுத்தும் சேர்ந்து வெட்டுப்படும். அச்சகத்தின் பெயர் மட்டும் ஒரு நூல் பிசகாமல் அடியில் நிற்கும். தான் வைத்த கோடு ஒன்றே ஒன்றாவது வைத்த இடத்தில் அச்சாகிப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் காசிநாதனுக்கு உலகத்தில் இருந்த ஆசை. வேறு அச்சகங்களுக்கும் போய்ப் பார்த்தான். அங்கே இதைவிட மோசம் என்று திரும்பி வந்தான்.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சாமை விளைகிற ஊரிலிருந்து வெற்றிசெல்வன் இறங்கி வந்தது இப்படிப்பட்ட நேரத்தில்தான். யாரிடமும் தொழில் பழகாதவன். ஆடு போட்டால் நாய் மாதிரி இருக்கும். ஆனால் அவன் போட்ட எதுவும் அதே இயந்திரத்தில், அதே மையில், போட்டபடியே அச்சில் விழுந்தது. தேன் கடைக்கு அவன் போட்ட நோட்டீஸை ஈ மொய்த்ததால் கடைக்காரர் அதை மூடி வைக்க வேண்டியிருந்தது. கையெழுத்தும் வெட்டுப்படாமல் முழுசாக நின்றது. காசிநாதன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். குறிமேல் குறி, மயிர் நுழைய இடமில்லை. அன்று சோறு இறங்கவில்லை. அவன் மனைவி அமிர்தம் தட்டை எடுத்துக்கொண்டே, “மலைக்காரனப் பாத்து இம்மாம் வேகறியே, அவன் மூஞ்சிய ஒருவாட்டி நேராப் பாத்திருக்கியா? பச்சப்புள்ள மாதிரி கீறான். ஒன் மூஞ்சிதான் நாளுக்கு நாள் பிரஸ்ஸு மிஷினு மாதிரி ஆயிக்கினு வருது” என்றாள்.

கடுக்காய் மண்டி லட்சுமியம்மாளுக்கு வருஷா வருஷம் போஸ்டர் போட்டவன் காசிநாதன். அந்த வருஷம் அந்த அம்மாள் கடுக்காய் மரத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் போடட்டும் என்று மலைக்காரனிடம் கொடுத்துவிட்டாள். வெற்றிசெல்வன் தன் வீட்டுக்கு மேல் சரிவில் நிற்கிற மரத்தை இலைக்கு இலை எழுதினான். நிழலை மட்டும் தனித்தாளில் வரைந்து, “மரம் நின்ன பொறவுதானே நெழலு விழும், கடேசியா அடிங்கண்ணே” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான். அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டை தொடங்கி சேலம் வரை வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, பார்சல் இல்லை. மறியலுக்குப் போனவர்கள் சிலர் வீடு திரும்பவில்லை. அச்சகத்தில் இரவும் பகலும் கறுப்பு மையில் அஞ்சலி நோட்டீஸ்தான் ஓடியது. வண்ண வேலை எல்லாம் அலமாரிக்கு மேல் தூசி தின்றது.

பொன்னுரங்கம் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம் காசிநாதன் அந்த நிழல் தாளை எடுத்தான். மூலையிலிருந்த குறிகளை பிளேடால் சுரண்டினான். பேனாவை எடுத்ததும் வழக்கம்போல, தாளின் வலது ஓரத்தில் நிழலின் நுனியை ஒட்டி ஒரு சின்னக் கூட்டல் போட்டு மை இறங்குகிறதா என்று பார்த்தான். எப்படியும் வெட்டுப்படுகிற ஓரம்தானே. பிறகு, சுரண்டிய குறிகளை ஒரு சாண் தள்ளிப் புதிதாகப் போட்டான். மலைக்காரன் தாள் என்றால் குறிமேல் குறி விழுந்துவிடும், இனிமேல் மரம் ஓரிடத்திலும் நிழல் வேறிடத்திலும் கிடக்கும், ஊர் சிரிக்கும், லட்சுமியம்மாள் அடுத்த வருஷம் தானாகத் தன்னிடம் வருவாள் என்பது அவன் போட்ட கணக்கு. தாளை ஊதிக் காயவைத்து அதே இடத்தில் வைத்தான்.

சாலை திறந்து, பிளாக் வந்து, நோட்டீஸ் வேலை ஓய்ந்து, இயந்திரத்தில் போஸ்டர் ஏறுவதற்குத் தை கடந்துவிட்டது. கடைசி வண்ணத்துக்குச் சாம்பல் மை இல்லாததால், அஞ்சலி நோட்டீஸ்களுக்குப் போக மிச்சமிருந்த கறுப்பில் வெள்ளையைக் கலந்துகொண்டார் பொன்னுரங்கம். காசிநாதன் போட்ட கூட்டல் குறியை வாழ்நாளில் பார்க்காத அந்த மனுஷன், அந்த ஒரு வேலைக்கு மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குறிமேல் குறி வைத்து அடித்தார். நிழலில் முக்கால்வாசி தாளில் விழவில்லை. விழாதது எங்கே போனது என்று அவர் தேடவும் இல்லை. மரம் அழகாக வந்திருக்கிறது என்று ஒட்டக் கொடுத்துவிட்டார்.

அது போன இடத்தைத்தான் முதலிலேயே சொன்னோம். ஒட்டின இடத்திலெல்லாம் இதே கதை. சின்னசேலம் ரயிலடியில் மூட்டைக்காரர்கள் அதில் துண்டு விரித்துத் தூங்கினார்கள். திருநாவலூரில் சப்பரம் சுமந்தவர்கள் அதில் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். சூரியன் எந்தப் பக்கம் போனாலும் அந்த நிழல் நகரவில்லை. அச்சானது அச்சான இடத்தில் கிடந்தது. சிலர் மையின் குணம் என்றார்கள். வெட்டுப்பட்ட புளியமரங்களின் நிழல்கள் இடமில்லாமல் அலைந்துவிட்டு, அச்சகம் திறந்திருந்ததால் உள்ளே நுழைந்துவிட்டன என்றார்கள் சிலர். வெயிலில் நிற்கிற சனத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

காசிநாதனை அறுத்தது மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் ஒட்டிய போஸ்டர். அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் அங்கே பொழுதெல்லாம் வெயிலில் வரிசை கட்டும். சிறுவயதில் அந்த வரிசையில் வண்டிக்கு அடியில் சுருண்டு படுத்தவன் அவன். அப்பாவைப் பார்க்கப் போனபோது, ராமசாமி மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, கால் நீட்டிப் படுத்திருந்தார். அவர் பகலில் படுத்து அவன் பார்த்ததே இல்லை.

“வாடா. நீயும் கலரு கலரா இன்னா இன்னாவோ போட்டுக்கினுதான் கீற. இத எவன் போட்டானோ தெரியல, அவன் கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கணும்” என்றார்.

காசிநாதன் வெயிலில் நின்றே பேசிவிட்டுத் திரும்பினான்.

அடுத்து ஒரு செங்கல் சூளை போஸ்டருக்கு ஆலமரம் எழுதினான். விழுதுக்கு விழுது நிழல் வைத்தான். குறிகளைத் தானே ஒரு சாண் தள்ளிப் போட்டு, பொன்னுரங்கத்திடம் வாய்விட்டும் சொன்னான். அச்சாகி வந்த தாளில் சிவப்பு சிவப்பாக இருந்தது, கிளிப்பச்சை கிளிப்பச்சையாக இருந்தது, நிழல் மரத்தின் காலடியில் அடக்கமாக, ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அவன் எழுதியதிலேயே சுத்தமான அச்சு அதுதான்.

“தள்ளி அடின்னுதானே சொன்னன்?” என்று கத்தினான்.

“அடப் போய்யா. இப்ப நாலு ஊருக்குப் பேரு தெரிஞ்ச பிரஸ்ஸு நம்புளுது. நீ தப்பாக் குறி போட்டாக்கா நான் தப்பா அடிக்கணுமா? சரி பண்ணிட்டன். கிட்ட வெச்சிப் பாரு, எப்பிடி கீது!” என்றார் பொன்னுரங்கம், முகமெல்லாம் பூரித்து.

அந்த ஆலமரத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போஸ்டர் ஒட்டிய சுவரடியில் வெயில் வெயிலாகவே அடித்தது.

வெற்றிசெல்வன் மலையிலிருந்து இறங்கி வந்து பேருந்து நிலையத்தைப் பார்த்துவிட்டு நேராகக் காசிநாதன் வீட்டுக்கு வந்தான். பெருமை பேச வந்திருக்கிறான் என்று நினைத்து அமிர்தம் மோர் கலக்கப் போனாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

“அண்ணே, நீங்க தொழில் தெரிஞ்சவங்க, ஒங்க கிட்டதான் கேக்க முடியும். நான் நெழல அங்கியா வெச்சன்? மரத்து வேருல வெச்சன். எங்க ஆயி பாவாயி அந்த நெழல்லதான் சாமை பொடைக்கும், அந்த எடத்த அளந்து போட்டிருந்தன். இப்ப மொட்ட மரமா நிக்குது. எல்லாரும் நல்லா கீதுன்றாங்க. நான் போட்டது இது இல்லண்ணே.”

காசிநாதன் அவன் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தான். இத்தனை வருஷம் பொன்னுரங்கத்தின் வாசலில் தான் நின்று பேசிய பேச்சு, வார்த்தை மாறாமல் வேறு வாயிலிருந்து வந்தது. இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது பொறாமைதான், முன்னைவிட ஜாஸ்தியாக. ஊரே உட்காருகிற நிழலை இது என்னுடையது இல்லை என்று தள்ள முடிகிறதே இவனால். “பிரஸ்காரனுங்க அப்பிடித்தான் தம்பி. மோரக் குடி” என்று மட்டும் சொன்னான்.

வெற்றிசெல்வன் மலைக்கே போய், பிறகு ஒருநாளும் அச்சுக்கு வரையவில்லை. காசிநாதனுக்கு லட்சுமியம்மாளின் போஸ்டர் திரும்பக் கிடைத்தது. குங்குமம் மறுபடியும் மூக்கில் விழுந்தது. வருஷங்கள் போயின. மறியலில் கேட்ட இட ஒதுக்கீடு பாதி கிடைத்தது, சாலை அகலமானது, பொன்னுரங்கம் ஆப்செட் மிஷின் வாங்கிப் புதுக் காரணங்கள் கற்றுக்கொண்டார். மழையில் தாள் ஊறி, பிய்ந்து, மரம் போய், சுவரும் வெள்ளையடிக்கப்பட்டது. நிழல் மட்டும் தரையில் கிடந்தது. நகராட்சி அதைச் சுற்றிக் கட்டைச் சுவர் கட்டி, உட்கார சிமெண்ட் பெஞ்சு போட்டது.

காசிநாதன் நெடுநாள் வரை அதை மிதிக்கவில்லை, எதிர்ச்சாரி வெயிலிலேயே பஸ்ஸுக்கு நின்றான். ஒரு சித்திரையில் தலை சுற்றி விழப்போனவனை யாரோ கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுக் குனிந்தவன் காலடியில், நிழலின் நுனியை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூட்டல் குறி கிடந்தது. தாளோடு இருந்திருந்தால் வெட்டுப்பட்டிருக்கும். கீழ்க்கால் முடிகிற இடத்தில் மயிரிழை இடது பக்கம் வளைந்திருந்தது. எத்தனையோ வருஷம் எத்தனையோ செருப்புகள் மிதித்தும் கரையவில்லை. அன்று மை இறங்குகிறதா என்று பார்க்க நுனியை எந்த இடத்தில் ஒட்டிப் போட்டானோ அந்த இடத்திலேயே, ஒரு நூல் பிசகாமல் இருந்தது.

அதற்குப் பிறகு அவன் தினமும் மத்தியானம் அங்கே வந்து உட்காருகிறான். வெள்ளரிக்காய்க்காரி கூடையைக் கொண்டுவந்து அந்தக் குறிமேல் இறக்கும்போது மட்டும், “கொஞ்சம் தள்ளி வையேம்மா” என்பான். அவள் தள்ளி வைப்பாள்.