போர்வையில் ஒரு நாற்றப்பூச்சி

மருந்தடிக்கிறவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் அறைக்கதவைச் சாத்தி, குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கட்டிலில் என் பெண்டாட்டி. இழுப்புக்காரி. போன மழைக்கு யாரோ கொசுவத்தி கொளுத்தியதற்கே மூச்சு முட்டித் தவித்தவள். இவன் முதுகில் தொங்கும் டப்பாவுக்குப் பூச்சி சாகுமோ சாகாதோ, அவள் தாங்க மாட்டாள்.

அவனை வரச்சொன்னது மருமகள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மாமியாருக்குத் தலை வாரி, மாத்திரை கொடுத்து, எல்லாம் அவள்தான். காலையில் போர்வைமேல் ஒரு நாற்றப்பூச்சி நடந்ததைப் பார்த்துப் பதறிவிட்டாள். கேடயம் போல முதுகு, காய்ந்த இலையின் நிறம். குளிர் தொடங்கினால் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து ஒதுங்கும். நான் லாரி ஓட்டிய காலத்தில் அதுகள் என்னோடு எத்தனையோ ஊர் வந்திருக்கின்றன. நானும் வாடகை கேட்டதில்லை, அதுகளும் கடித்ததில்லை.

மருந்துக்காரன் கடிக்கும் என்றான், நோய் வரும் என்றான், காதுக்குள் முட்டையிடும் என்றான். விற்க வந்தவன் வாய்க்கு ஏது பூட்டு? பக்கத்துத் திரைச்சீலையில் இருந்த ஒன்றை எடுத்து முழங்கையில் விட்டேன். முடிகளுக்குள் தட்டுத்தடுமாறி ஏறி, அம்மைகுத்திய தழும்பில் நின்று மீசையை ஆட்டியது.

"கடிக்கலையே தம்பி. கிழட்டுக் கறி பிடிக்கலையோ என்னமோ."

மருமகள் சிரிப்பை அடக்கினாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சட்டைக்கைக்குள் நுழையப் பார்த்ததை விரலால் அமுக்கினேன். நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. அந்தக் கையாலேயே முகத்து வேர்வையைத் துடைத்தேன். ஒரு கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது போலிருந்தது.

மருமகள் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய் டம்ளர் டம்ளராக ஊற்றினாள்.

"ஒண்ணும் பண்ணாதுன்னீங்களே மாமா?"

"அது பண்ணலம்மா. நசுக்குனவன் நான், தேய்ச்சவன் நான். இன்னொரு கண்ணையும் பணயம் வச்சுச் சொல்றேன், அத விட்டா அது நம்மள விடும்."

அதற்குள் மருந்துக்காரன் நாற்காலியை நகர்த்திக் கதவைத் திறந்துவிட்டான்.

"அடிச்சிரலாமாக்கா? ரெண்டு மணி நேரம் எல்லாரும் வெளிய இருந்தாப் போதும்."

"எங்க மாமி கட்டில விட்டு எறங்கியே மாசமாச்சு" என்றாள் மருமகள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது போல நின்றாள். பிறகு டம்ளரில் சோப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பூச்சியைத் தட்டிவிட்டால் மூழ்கிவிடும், நாறாது என்று நான்தான் முன்பே சொல்லியிருந்தேன்.

ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மருந்துக்காரன் மருந்தடிக்கும் குழாயின் மூக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடி கதவு நிலையிலேயே நின்றான். போர்வைமேல் என் பெண்டாட்டி கட்டைவிரலை நீட்டி வைத்திருந்தாள். பூச்சி அவள் நகத்தின்மேல் ஒரு காலை வைத்து யோசித்தது. மருமகள் கீழே டம்ளரை ஏந்தி, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.