சிவப்பு முக்கோணமும் நான்கு வட்டங்களும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்ச் சுவரில் கிடைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம்: தலைகீழான சிவப்பு முக்கோணம், கூடவே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்கு முகங்கள். 1976-இல் அது இல்லாத சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் வரியாக, "வடிவங்களின் மௌனத்தில் பிரபஞ்சம்..." என்று எழுதினேன். வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

2

ஆனையூரில் தனிஸ்லாஸ் வாத்தியார் வீடு. அவர் மகள் ஆனிமேரியைப் பெண் பார்க்க, ஜேசுராஜ் தாய்மாமன் சவரிமுத்துவோடு வந்திருக்கிறான். (அவனுக்கு முதலில் மீசை வைத்திருந்தேன். பயந்த முகத்தில் நிற்கவில்லை, எடுத்துவிட்டேன்.) ஆனிமேரி காப்பி கொடுத்ததுமே அவனுக்குப் பிடித்துப்போயிற்று. காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான்.

கெட்டது. மற்ற வீடுகளில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இங்கே வாத்தியார், "பாப்பா வரைஞ்சது" என்று ஒரு படத்தைக் காட்டினார். தலைகீழாகச் சிவப்பு முக்கோணம். அதன்மேல் வரிசையாக நான்கு மஞ்சள் வட்டங்கள்.

மாமன் காப்பியைக் கீழே வைத்தார்.

"எந்திரி மாப்ள! ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கச் சொல்லி வாத்தியாருகளுக்கு உத்தரவாம். உன்னையப் பிடிக்கத்தான் கூப்புட்டிருக்காக!"

"ஐயையோ, அது கலைங்க!" என்றார் வாத்தியார்.

3

இந்த இடத்தில் ஜேசுராஜ்தான் கதையைக் காப்பாற்ற வேண்டும். (என் கல்யாணமா? அவன் கல்யாணம்.)

"மாமா, மூணு முனை இருக்குல்ல? மூவொரு கடவுள். நாலு வட்டம், நாலு சுவிசேஷம்."

"கடவுள் தலைகீழாவா நிப்பாரு?"

ஜேசுராஜ் அவசரமாகப் படத்தைத் திருப்பிப் பிடித்தான். வட்டங்கள் அடியில் வந்தன.

"இப்ப லாரி மாதிரில்ல இருக்கு!" மாமன் செருப்பைத் தேடினார். "ஏத்திக்கிட்டுப் போக லாரியும் ரெடி!"

[சிவப்பு என்பது மண்ணின் ஆதி... இல்லை. இதைச் சொன்னால் மாமன் ஓடியே போய்விடுவார்.]

4

ஆனிமேரி அவனைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன தெரியுது? உள்ளதைச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருக்கலாம் போலருக்கு."

சொல்லும்போது அவன் பார்வை படத்தில் இல்லை. அதை மாமன்கூடக் கவனித்தார்.

அவள் உள்ளே போய்த் தூரிகையோடு வந்தாள். ஐந்தாவதாக ஒரு மஞ்சள் வட்டம் போட்டாள்.

"இப்ப இது விளம்பரம் இல்லைல்ல, பெரியப்பா?"

மாமன் எண்ணிப் பார்த்தார். மூன்று பிள்ளை, எந்தச் சர்க்காரும் ஒப்பாது. போதாததற்கு, பெண் முறை சொல்லியும் கூப்பிட்டுவிட்டாள். அவர் காப்பியை மறுபடி எடுத்தார்.

5

படத்துக்கு உண்மையில் என்னதான் அர்த்தம் என்று எழுதியவன் என்ற உரிமையில் ஆனிமேரியிடமே கேட்டேன்.

"முக்கோணம்ண்ணே" என்றாள்.

கல்யாணத் தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். தூரிகையும் இன்னும் காயவில்லை, இந்தாருங்கள். ஆறாவது வட்டம் போடுவதாக இருந்தால் மட்டும் ஜேசுராஜைக் கேட்காதீர்கள். ஆனிமேரியைக் கேளுங்கள்.